இதழ் நிற்கப்போகிறதா? திருகோணமலையில் கதைவிளையாட்டு ஆடுபவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்டவை

கதைவிளையாட்டு ஆடுபவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு மாத இதழ் நடத்துகிறேன். சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில், “அடுத்த இதழ் எப்போது வரும் என்று இப்போது சொல்ல முடியவில்லை” என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த அளவு கேள்வி நான் எழுதிய எந்தக் கதைக்கும் வந்ததில்லை. வட்ஸ்அப்பில் கேட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஆட வந்தபோது கேட்டார்கள். பஸ் நிலையத்தில் ஒரு தாய் மறித்துக் கேட்டார். கேள்வி பதில் எங்கள் நாட்டு இதழ்களுக்குப் பழகிய வடிவம்தான். சிரித்திரனில் ‘மகுடி பதில்கள்’ வந்தது, மல்லிகையில் ‘தூண்டில்’ வந்தது. அவற்றை வாசித்து வளர்ந்தவள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

“பிள்ளை, சனிக்கிழமையில என்ர மகன் உங்கட வீட்டில என்னதான் விளையாடுறான்?”

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதையில் ஒரு பாத்திரமாக இருப்பார்கள். “சீனன்குடாவில் பாழடைந்த எண்ணெய்க் குதம் ஒன்றுக்குள் இரவில் விளக்கு எரிகிறது. என்ன செய்கிறீர்கள்?” என்று நான் கேட்பேன். உங்கள் மகன், “பின்பக்க ஏணியால் ஏறிப் பார்க்கிறேன்” என்பான். ஏணி துருப்பிடித்தது. ஏறுகிறானா, சறுக்குகிறானா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். அதிலிருந்து கதை அடுத்த பக்கம் திரும்பும். காசு வைப்பதில்லை. வெற்றி தோல்வி என்றும் ஒன்று கிடையாது.

ஆங்கிலத்தில் கதை நடத்துபவரை டிஎம் என்பார்கள். எங்கள் மேசையில் அண்ணாவியார் என்கிறோம். கூத்தைப் பழக்கி, ஆட்டக்காரரை முன்னால் விட்டுத் தான் ஓரத்தில் நிற்பவருக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கும்போது வேறு பெயர் எதற்கு?

இந்த விளையாட்டு அச்சில் வந்தது 1974 இல், அமெரிக்காவில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் செய்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் முதலாவது. சுருக்கமாக டி அண்ட் டி. பிறகு நூற்றுக்கணக்கில் வேறு விளையாட்டுகள் வந்துவிட்டன.

விதிப்புத்தகம் இருக்கிறதே. பிறகு எதற்கு இதழ்?

வாள் பட்டால் எவ்வளவு காயம் என்று விதிப்புத்தகம் சொல்லும். இந்தச் சனிக்கிழமை என்ன ஆடுவது என்று சொல்லாது. விதியை விளங்கிக்கொண்ட பிறகும், ‘பொடியன்கள் வரப்போகிறார்கள், கையில் கதை இல்லை’ என்று அண்ணாவியார் முழிப்பதுதான் எல்லா ஊரிலும் நடப்பது. அந்த இடைவெளியில் பிறந்தவைதான் இந்த இதழ்கள். விளையாட்டு வந்த அடுத்த வருடமே, 1975 இல், ‘ஸ்ட்ரடீஜிக் ரிவியூ’ என்ற சிறு மடல் வந்தது. 1976 ஜூனில் ‘டிராகன்’ தொடங்கியது. பிரித்தானியாவில் 1977 இல் ‘வைட் டுவார்ஃப்’. 1986 இல் ‘டன்ஜன்’. இந்தக் கடைசி இதழ் முழுக்க முழுக்க ஆடக்கூடிய சாகசக் கதைகளுக்கென்றே வந்தது. வாங்கிக்கொண்டுபோய் அன்று இரவே ஆடலாம்.

இதழ்களின் பெரிய கொடை வேறொன்று என்று நான் நினைக்கிறேன். வாசித்தவர்களே எழுதினார்கள். வைட் டுவார்ஃபில் வாசகர்கள் தாங்கள் கற்பனை செய்த பூதங்களை எழுதி அனுப்பும் பகுதி ஒன்று இருந்தது. சார்ள்ஸ் ஸ்ட்ரோஸ் என்ற பதின்வயதுப் பொடியன் அனுப்பிய ‘கித்யாங்கி’ என்ற இனம் 1979 இல் அதில் வந்தது. 1981 இல் வந்த பூதங்களின் தொகுப்புப் புத்தகத்தில் அது அட்டைப்படமே ஆனது. 2023 இல் கணினியில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ ஐ எங்கள் பொடியன்கள் சிலர் ஆடியிருக்கிறார்கள். அதில் வரும் லேசெல் அந்த இனத்தவள்தான். ஒரு பாடசாலைப் பொடியன் இதழுக்கு அனுப்பியது நாற்பத்துநாலு வருடம் கழித்து எங்கள் ஊர்ப் பிள்ளையின் திரையில் வந்து நிற்கிறது. இதைச் சொன்னபோது ஒரு தம்பி உடனே கொப்பியை எடுத்தான்.

கிறிஸ் பேர்கின்ஸ் இன்னோர் ஆள். 1988 இல் டன்ஜன் இதழில் ஒரு சாகசக் கதை எழுதியவர், பிறகு அதே இதழின் ஆசிரியரானார், அதன்பின் அந்த விளையாட்டையே வடிவமைக்கும் வேலையில் இருந்தார். இதழ்தான் வாசல்.

இது எங்களுக்கும் தெரியாத கதையில்லை. இந்தத் திருகோணமலையில் பிறந்த தருமு சிவராமு இங்கிருந்து எழுதி அனுப்பிய கவிதைகள் 1960களின் தொடக்கத்தில் சென்னையில் ‘எழுத்து’ இதழில் வந்தன. பிறகுதான் அவர் உலகத்துக்குப் பிரமிள். சின்ன இதழ் ஒன்று தபாலைப் பிரித்துப் பார்த்ததால் நடந்தது அது.

அவ்வளவு பெரிய இதழ்களே ஏன் நின்றன?

வாசகர் இல்லாமல் நின்றன என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டிராகனும் டன்ஜனும் அப்படி நிற்கவில்லை. 2002 இலிருந்து அவற்றைப் பைசோ என்ற சிறிய நிறுவனம் உரிமம் பெற்று நடத்தியது. விளையாட்டின் உரிமையாளர் விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட். அவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. 2007 செப்டெம்பரில் டிராகன் 359 ஆவது இதழோடும், டன்ஜன் 150 ஆவது இதழோடும் அச்சில் முடிந்தன. பிறகு உரிமையாளரே இரண்டையும் இணையத்தில் தொடர்ந்தார். 2013 டிசெம்பரோடு அதுவும் ஓய்ந்தது.

கைவிடப்பட்ட பைசோ என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு சாகசத்தைப் புத்தகமாகவே போடத் தொடங்கியது. அதிலிருந்து ‘பாத்ஃபைண்டர்’ வந்தது, 2009 இல் தனி விளையாட்டாகவே வளர்ந்தது. இதழ் செய்யப் பழகிய கைகள்தான் அதைச் செய்தன.

வைட் டுவார்ஃபின் கதை வேறு. அது நிற்கவேயில்லை, இன்றும் வருகிறது. ஆனால் 1980களின் முடிவுக்குள் அது பலருடைய விளையாட்டுகளைப் பேசுவதை விட்டு, தன்னை வெளியிடும் கேம்ஸ் வேர்க்‌ஷொப்பின் பொம்மைப் படைகளை மட்டும் பேசும் இதழாகிவிட்டது. கதைவிளையாட்டுக்காரருக்கு அது நின்ற மாதிரித்தான். நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கும் இதழுக்கு இரண்டு ஆபத்து: நிறுவனம் அதை நிறுத்தலாம், அல்லது தன் கடைப் பட்டியலாக மாற்றலாம்.

இவற்றுக்குக் கீழே மெதுவாக நடந்தது விளம்பரத்தின் இடப்பெயர்வு. இந்த இதழ்கள் சந்தாவிலும் விளம்பரத்திலும் வாழ்ந்தவை. புதிய விளையாட்டு வந்த செய்தியை இணையம் அன்றைக்கே சொல்லிவிடும்போது, ஆறு வாரம் கழித்து அச்சில் வரும் விளம்பரத்துக்கு யார் காசு கொடுப்பார்?

இன்டர்நெட்டில எல்லாம் கிடைக்குதே அக்கா?

செய்தி கிடைக்கும். விமர்சனம் கிடைக்கும். விதிச் சந்தேகம் ஒன்றுக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். இந்த மூன்றையும் இதழில் போடுவதை நான் விட்டுவிட்டேன். அவற்றில் இணையத்தோடு போட்டி போடுவது வீண் உழைப்பு.

கிடைக்காதது ஒன்று இருக்கிறது. ஓ.எல் படிக்கும் பிள்ளை ஒருத்தி, தமிழில், தனக்குத் தெரிந்த இடத்தில் நடக்கும் கதையை, முதல் தடவையாக நடத்த வேண்டும். நான் தேடியபோது கைக்கெட்டியவை எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பனி மூடிய மலை, ஓக் மரக்காடு, ‘தவேன்’ என்ற மதுச்சாலையில் தொடங்கும் கதை. எங்கள் பிள்ளைகள் ஒருவரும் பனியைக் கண்டதில்லை. மூதூருக்குப் போகும் படகுத்துறையில் கதையைத் தொடங்கிப் பாருங்கள், மேசையில் இருக்கும் எல்லோருக்கும் அந்த எண்ணெய் மணம் தெரியும். ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பிடிஎஃப் போட்டால் போதாதா? ஏன் காகிதம்?

பிடிஎஃப்பும் போடுகிறோம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அதில்தான் வாசிக்கிறார்கள். ஆனால் மேசையில் கைப்பேசியைத் திறந்தால் அடுத்த நிமிடம் அதில் வேறு ஏதாவது வந்துவிடும், கதை அறுந்துபோகும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது, மெழுகுதிரியை நடுவில் வைத்து ஆடியவர்கள் நாங்கள். அன்று கையில் இருந்தது தாள்.

இன்னொன்றும் உண்டு. டிராகன் நின்றபின் ‘டிராகன் பிளஸ்’ என்று 2015 இல் கைப்பேசிச் செயலியாக ஒன்று வந்தது. 2022 இல் மூடிவிட்டார்கள். 1976 இல் அச்சான டிராகனைச் சேர்த்து வைத்திருப்பவர் அதை இன்றும் கையில் எடுத்து விரிக்கலாம்.

ஒரு இதழ் செய்ய அவ்வளவு கஷ்டமா?

ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் நாலு பக்கம். எட்டுத் தாள் என்றால் முப்பத்திரண்டு பக்கம். ஆகவே பக்க எண்ணிக்கை எப்போதும் நாலின் மடங்காக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் மூன்று பக்கத்துக்கு விஷயம் தேட வேண்டும், அல்லது அந்த ஒன்றை வெட்ட வேண்டும். முதற் தாளில் ஒரு பக்கம் 32 உம் 1 உம், மறுபக்கம் 2 உம் 31 உம் வரும். இந்த ஒழுங்கு ஒரு இடத்தில் பிசகினால் முழுதும் பிசகும். ஒருமுறை கொப்பி எடுத்த இடத்தில் ஒரு தாளைத் தலைகீழாகப் போட்டு எல்லாப் பிரதியும் எடுத்துவிட்டார்கள். மாயக் கோட்டையின் வரைபடம் கீழ்மேலாக நிற்க, அதை அப்படியே விற்க மனம் வரவில்லை. நடுத்தாளைத் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றாக ஸ்டேப்ளர் ஊசியைக் கழற்றி மாற்றினோம். நாலு பிள்ளைகள், இரண்டு இரவு. சாதாரண ஸ்டேப்ளர் மடிப்புவரை எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் வேண்டும். அதை ஒரு அண்ணா இரவல் தருகிறார்.

காகிதம்தான் நெஞ்சை அழுத்துவது. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் கொழும்பில் இரண்டு பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் விட்டதும், மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போனதும் நினைவிருக்கும். பெரிய பத்திரிகைக்கே அந்த நிலை. விலை அதற்குப் பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

விலையைக் கூட்டுங்களேன்?

மாட்டேன். இதை வாங்குவது ரியூஷன் போகும் பிள்ளை, பஸ் காசில் மிச்சம் பிடித்து.

விளம்பரம் எடுக்கலாமே?

குளிர்களிக் கடைக்காரர் ஒருவர் பின்னட்டைக்குக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றியோடு வாங்குவேன். விளையாட்டை விற்பவர்களிடம் மட்டும் வாங்கமாட்டேன். காரணம் மேலே வைட் டுவார்ஃபுக்குச் சொன்னதுதான்.

ஒரு ஆள் நடத்தும் இதழ் எவ்வளவு காலம் ஓடும்?

டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை 2012 வரை வந்தது. கையில் சுமந்துபோய் விற்றார். அந்த மனவுறுதி எனக்கு இருக்கிறது என்று சொல்லத் துணியமாட்டேன்.

கதைவிளையாட்டு உலகில் அதற்கு நிகராக ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் லீ கோல்ட் என்ற பெண்மணி 1975 இல் தொடங்கிய ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்‌ஷன்ஸ்’. 2025 இல் அவர் ஓய்வெடுக்கும்வரை, கிட்டத்தட்ட ஐம்பது வருடம். வைத்திருந்த முறையைப் பாருங்கள். எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தங்கள் பக்கங்களைத் தாங்களே தயாரித்து அனுப்புவார்கள். தொகுப்பவர் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். ஒருவர் எழுதியதற்கு மற்றவர் அடுத்த இதழில் பதில் எழுதுவார். ஆசிரியர் எல்லாவற்றையும் எழுதிச் சாகத் தேவையில்லை.

நான் செய்த பிழை இங்கேதான். இதுவரை கதை, வரைபடம், தட்டச்சு, பிழை திருத்தம் எல்லாம் என் தலையில் வைத்துக்கொண்டேன். அம்மா நோயாக இருந்த மாதங்களில் ஒரு பக்கமும் நகரவில்லை. அந்த ஒரு வரியை எழுதவேண்டி வந்தது அதனால்தான்.

இனி ஒரு தாள் ஒருவருக்கு. நாலு பக்கம். அதில் என்ன வருகிறது என்பது அவர் பொறுப்பு.

நான் எழுதினால் போடுவீங்களா? எதை எழுதலாம்?

போடுவேன். ஆடிப் பார்த்த பிறகு எழுதுங்கள் என்பது மட்டும் நிபந்தனை. தலைக்குள் அழகாக இருக்கும் கதை மேசையில் அரை மணித்தியாலத்தில் படுத்துவிடும்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டைக்குள் அலையும் மான்கள், இராவணன் வெட்டு, கன்னியாவின் ஏழு கிணறுகள். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையில் தொடங்கும் கதை ஒன்றை ஒரு தம்பி எழுதிக்கொண்டிருக்கிறான், நான் ஆவலோடு காத்திருக்கிறேன். கோணேசர் கோயிலை எழுதுகிறவர்கள் கும்பிட வருபவர்களின் மனதை நினைத்து எழுதுங்கள். கடலும் மலையும் காவல் பூதமும் தாராளமாக வரட்டும், சாமியைப் பகடை போட்டு வெல்லும் எதிரியாக வைக்க வேண்டாம். முஸ்லிம், சிங்களப் பிள்ளைகளும் இந்த மேசையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கதைகளையும் அவர்களே கொண்டுவரட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டுச் சாகசங்களில் ‘ஒருவர் காணாமல் போய்விட்டார், தேடிக் கண்டுபிடியுங்கள்’ என்பது மிகச் சாதாரணமான தொடக்கம். அதை நான் ஒருமுறை யோசிக்காமல் நடத்தினேன். மேசையில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தது. அதன் வீட்டில் மாமா ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு அம்மம்மா இன்னும் காத்திருக்கிறார். அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம். அதன்பிறகு அந்தத் தொடக்கம் எங்கள் இதழில் வருவதில்லை. கடல் ஊருக்குள் வரும் கதையும் அப்படித்தான். ஆடுவதற்கு முன் எதெல்லாம் வேண்டாம் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. இதை இதழின் இரண்டாம் பக்கத்தில் எப்போதும் போடுகிறோம்.

டி அண்ட் டி விதியை வைத்துத் தமிழில் எழுதினால் வழக்குப் போடமாட்டார்களா?

மற்றவர்களும் அந்த விதிகளை வைத்து எழுத இடம்கொடுத்த 2000 ஆம் ஆண்டின் திறந்த உரிமத்தை, 2023 ஜனவரியில் விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் மாற்றப் பார்த்தது. ஆடுபவர்கள் பெரிதாக எதிர்த்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அடிப்படை விதிகளின் 5.1 ஆவது பதிப்பை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். மூலம் எது என்று உரிமம் கேட்கும் விதத்தில் குறிப்பிட்டால் அந்த ஆவணத்தை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். அதில் இல்லாத படங்கள், சின்னங்கள், உலகங்கள் எதையும் தொடாதீர்கள்.

நீங்கள் எழுதுவது உங்களுக்கே சொந்தம். அச்சில் போடவும் பிடிஎஃப்பில் போடவும் நூலகத்தில் வைக்கவும் எனக்கு அனுமதி தருகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுத்தில் வாங்குகிறேன். இது வெறும் கடதாசி வேலையாகத் தோன்றலாம். டிராகனின் முதல் 250 இதழ்களை 1999 இல் சிடியாக வெளியிட்டபோது, பழைய ஆக்கங்களை மறுபடி வெளியிடும் உரிமை யாரிடம் என்று பிரச்சினை கிளம்பியது. இருபது வருடத்து உழைப்பு சிக்கிக்கொண்டது.

தட்டச்சு செய்து அனுப்ப வேண்டுமா?

யூனிகோடில் அனுப்புங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் மாற்றும்போது எழுத்து குதறிவிடும், பிறகு தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. கையால் எழுதியதையும் ஏற்கிறேன். வரைபடம் கையால் வரைந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

பழைய இதழ்கள் எங்கே கிடைக்கும்?

என்னிடம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதிதான் மிச்சம், இரவல் தரமாட்டேன், வந்து விறாந்தையில் இருந்து வாசிக்கலாம். 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிமப்படுத்தி வரும் ‘நூலகம்’ தளத்துக்கு எல்லாவற்றையும் கொடுக்கப்போகிறேன். மல்லிகையையும் சிரித்திரனையும் நான் முழுதாகப் பார்த்தது அங்கேதான். எங்கள் மெல்லிய இதழும் அவற்றின் பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கட்டும்.

அக்கா, சரியாச் சொல்லுங்கோ. நிக்கப்போகுதா, இல்லையா?

மாத இதழாக நின்றுவிட்டது. தேதி போட்டு ஏமாற்ற இனி விருப்பமில்லை. ‘தொடரும்’ என்றும் எந்தக் கதையிலும் போடமாட்டேன். கையில் கிடைத்த ஒரே ஒரு பிரதியை வைத்து ஒரு கதையை முழுதாக ஆடி முடிக்க முடிய வேண்டும்.

எட்டுத் தாள் நிறைந்த அன்று இதழ் வரும். இப்போது மூன்று தாள் நிறைந்திருக்கிறது. ஒன்று 1942 தம்பிக்கு ஒதுக்கியது. மூதூரிலிருந்து ஒரு தங்கச்சி மகாவலி கடலில் விழும் இடத்தை வரைந்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்கு நடுத்தாளை வைத்திருக்கிறேன், ஸ்டேப்ளர் ஊசி ஆற்றின் மேல் விழாதபடி வரையச் சொல்லி. மற்ற மூன்று தாளும் வெறுமையாக மேசையில் இருக்கின்றன.